அத்தியாயம் 6: கவுண்டரில் எவ்வளவு சொன்னால் போதும்?

சிம்பாங் அம்பாட்டில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. பண்டார் தாசேக் முத்தியாரா பக்கம் போனால் கடைவரிசைக்கு ஒன்றாகத் தனியார் கிளினிக் இருக்கிறது. தெற்கே சுங்கை பாக்காப்பில் மாவட்ட மருத்துவமனை, வடக்கே புக்கிட் மெர்தாஜாம், செபெராங் ஜெயா மருத்துவமனைகள். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். பஞ்சமெல்லாம் மறைவுக்குத்தான். மருந்து எடுத்துத் தருகிற பெண் போன மாதம் கோயில் திருவிழாவில் உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். எண் கூப்பிடக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் உங்கள் லைன் லீடரின் மாமியார். பழைய தோட்டத்து ஜனமும் புதிய தாமான் ஜனமும் கலந்து வாழும் இந்த ஊரில் யாரும் யாருக்கும் முழுக்க அந்நியர் இல்லை.

ஆண், பெண் இருபாலர் மீதும் ஈர்ப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் போகத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். போனாலும் வாயைத் திறக்காமல் வருவதற்கும் இதுவே காரணம். அந்த மௌனம் உடம்பில் எங்கெங்கே போய்ச் சேர்கிறது, அதை எவ்வளவு உடைத்தால் போதும் என்பதுதான் இந்த அத்தியாயம். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்று இந்த நூல் எங்கும் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேறு ஊரில், வேறு சட்டத்தின் கீழ் இருப்பவர்கள்.

நடுவில் நிற்பவர்களின் கணக்கு

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் தேசிய சுகாதார நேர்காணல் ஆய்வு 2013-இல்தான் முதன்முதலாக ஈர்ப்பைப் பற்றிய கேள்வியைச் சேர்த்தது. முந்தைய முப்பது நாளில் கடுமையான மன உளைச்சலில் இருந்ததாகச் சொன்னவர்கள், எதிர்பாலை மட்டும் விரும்புபவர்களில் 3.9 விழுக்காடு. இருபாலீர்ப்பு கொண்டவர்களில் 11 விழுக்காடு. சிகரெட் பிடிப்பவர்கள் முறையே 19.6, 29.5. அதே நாட்டில் 2010-இல் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, கணவன் அல்லது துணையிடம் அடியோ பலாத்காரமோ துரத்தலோ அனுபவித்த பெண்களைக் கணக்கெடுத்தது. எதிர்பாலீர்ப்புப் பெண்களில் 35 விழுக்காடு, தன்பாலீர்ப்புப் பெண்களில் 43.8, இருபாலீர்ப்புப் பெண்களில் 61.1.

தன்பாலினரை மட்டும் விரும்புபவர்களுக்குத்தான் துன்பம் அதிகம், இரண்டையும் விரும்புபவர்களுக்குப் பாதித் துன்பம் என்றுதான் பொதுவாக நினைப்போம். எண்கள் அதற்கு நேர்மாறாக இருக்கின்றன. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் விரிவாக எழுதிய விளக்கம் இதற்குப் பொருந்தும்: சிறுபான்மையாக இருப்பதே ஓயாத அழுத்தம், அதில் ஒளித்துவைப்பது தனிச் சுமை. நியூயார்க்கில் அவர் லாரா டர்சோவோடு சேர்ந்து செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மருத்துவரிடமும் தன் ஈர்ப்பைச் சொல்லாத தன்பாலீர்ப்பு ஆண்கள் சுமார் 13 விழுக்காடு. இருபாலீர்ப்பு ஆண்களில் அது 39. நியூயார்க்கிலேயே அப்படியென்றால் இங்கே எப்படி இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

மலேசியாவில் இவர்களைத் தனியாக எண்ணுகிற பழக்கமே இல்லை. எச்.ஐ.வி. புள்ளிவிவரத்தில் 'தன்பால்/இருபால்' என்று ஒரே கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்கள் ஆண்கள் மட்டுமே. இருபாலீர்ப்புப் பெண் எந்தக் கட்டத்திலும் இல்லை. சர்க்கரை வியாதிக் கணக்கு மட்டும் நமக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது: 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31.4. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். கீழே ஓரிடத்தில் வேலைக்கு வரும்.

வீட்டில் கேட்கும் பேச்சும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். தம்பி துணிந்து அக்காவிடம் சொல்கிறான் என்று வையுங்கள்.

"பொண்ணையும் பிடிக்கும்னுதானேடா சொல்ற? அப்ப பேசாம ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போயேன். யாரு வேணாங்குறா?"

"ஆம்பளையும் பிடிக்கும்னு சொன்னதுக்கு என்னக்கா பதில்?"

"அதை மறந்துடு."

தன்பாலீர்ப்பு உள்ள மகனிடம் குடும்பம் கோபப்படும், அழும், சில வீடுகளில் வருடங்கள் கழித்துத் தலையாட்டும். இருபாலீர்ப்பு உள்ளவனிடம், கையில் நல்ல வழி இருந்தும் பிடிவாதம் பண்ணுகிறாய் என்ற பாட்டுத்தான். மறுபக்கம், பினாங்குத் தீவில் நண்பர் கூட்டம் ஒன்று கிடைத்தால் அங்கே இருப்பவர்கள், "உனக்கென்னப்பா, நாளைக்கே கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவ" என்பார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளி. குடியும் சிகரெட்டும் அந்த இடைவெளியில்தான் புகுகின்றன.

சொல்ல வேண்டியது, சொல்லத் தேவையில்லாதது

பத்து காவான் ஃபேக்டரி ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மனைவி மீது அன்பு உண்டு. எப்போதாவது ஓர் ஆணோடும் பழக்கம் உண்டு. அவர் தன்னை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்வதில்லை. கிளினிக்கில் படிவத்தை நீட்டினால் 'திருமணமானவர்' என்று எழுதுவார். டாக்டர் அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய நாலு கேள்விகளை விட்டுவிடுவார். இவரும் சொல்லமாட்டார். இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், சோதனை நடக்கவில்லை.

இவருக்கு நான் சொல்வது: உங்களை யார் என்று அறிவிக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். தொற்றுநோய்ச் சோதனைக்கு டாக்டருக்குத் தேவை அதுதான். "டாக்டர், எனக்கு ஆண், பெண் இரண்டு பேரோடும் உறவு இருந்திருக்கு. கடைசியா மூணு வாரத்துக்கு முன்னாடி. ஆணுறை போடலை. என்னென்ன சோதனை எடுக்கணும்?" இவ்வளவு போதும். வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் கொனோரியா, கிளமீடியா இரண்டும் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கும், சிறுநீர்ச் சோதனையில் அங்கே இருப்பது தெரியாது.

இதை டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும், கவுண்டரில் இல்லை. கவுண்டரில் கேட்டால் "டாக்டரைப் பார்க்கணும், சொந்த விஷயம்" என்பது போதுமான பதில். அரசு கிளினிக்கில் மலாயில் கேட்பதாக இருந்தால் 'சாரிங்கான் எச்.ஐ.வி. தன்பா நாமா' என்று கேளுங்கள். பெயரில்லாமல், எண் மட்டும் கொடுத்து எடுக்கும் சோதனை அது. தொற்று உறுதியாகிச் சிகிச்சைக்குப் பதியும்போது பெயர் கொடுக்க வேண்டிவரும், சுகாதார இலாகாவுக்கும் தகவல் போகும். எச்.ஐ.வி. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அறிவிக்க வேண்டிய நோய். வேலையிடத்துக்குத் தகவல் போவது அந்த ஏற்பாட்டில் இல்லை.

வேலையிடம் என்றதும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஃபேக்டரியின் பேனல் கிளினிக்குக்கு இந்தச் சோதனைக்காகப் போகாதீர்கள். டாக்டர் வாயை மூடிக்கொண்டிருப்பார், பில் மூடிக்கொண்டிருக்காது. எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று வரிவரியாகக் கம்பெனிக்குப் போகிற பில் உண்டு, அதைத் தட்டச்சு செய்கிறவர் உங்களோடு கேண்டீனில் சாப்பிடுகிறவராக இருக்கலாம். ஒரு வெள்ளி கிளினிக்குக்குப் போங்கள், அல்லது கைக்காசு கொடுத்து உங்கள் தாமானைத் தாண்டி இருக்கும் கிளினிக்குக்குப் போங்கள். தீவுக்குப் போவதானால் 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலேயே ஏறுகிறது. 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. ஜார்ஜ்டவுனில் எய்ட்ஸ் சேவைக்கென்றே இயங்கும் தொண்டு அமைப்புகள் உள்ளன. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கதையைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், புருவம் உயராது.

அதுவும் முடியாதென்றால் மருந்தகத்தில் சுயசோதனைக் கருவி கிடைக்கும். அது எச்.ஐ.வி.க்கு மட்டும்தான், சிபிலிஸைக் காட்டாது. சோதனையின் காலக்கணக்கும் முக்கியம்: ஆய்வகத்தில் நாளத்து இரத்தத்தில் எடுக்கும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு ஆறு வாரம் கழிந்திருந்தால் நம்பலாம், விரல்குத்திச் சோதனைக்கும் சுயசோதனைக்கும் மூன்று மாதம். நேற்று நடந்ததற்கு இன்று சோதித்து "ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. நேற்று நடந்ததற்கு இன்று செய்ய வேண்டியது வேறு: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை. தனியார் கிளினிக்கில் செலவாகும். பெரிய அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கள் வரை யோசிக்காதீர்கள்.

மாத்திரை, தடுப்பூசி, சிறுநீரகம்

முன்கூட்டியே சாப்பிட்டு எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையைச் சுகாதார அமைச்சு 2023 முதல் தேர்ந்தெடுத்த அரசு கிளினிக்குகளில் தருகிறது. எல்லாரும் அதை 'ப்ரெப்' என்றே சொல்கிறார்கள். இப்போது எந்தக் கிளினிக்கில் கிடைக்கிறது என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. இதில் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. மேலே சொன்ன நீரிழிவு எண் இங்கேதான் வேலைக்கு வருகிறது. சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இருந்தால், இருக்கிறதா என்று தெரியாவிட்டாலும்கூட, முதலில் சிறுநீரகச் சோதனை எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நண்பரிடம் பாதிப் பட்டையை வாங்கிச் சாப்பிடுவது நம் ஆட்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்தான காரியம்.

சர்க்கரை முற்றிய ஆண்களுக்கு விறைப்புக் குறைவதும் சகஜம். அதற்கு சந்தையில் விற்கும் நீல மாத்திரையை விழுங்கிவிட்டு, பார்ட்டியில் 'பாப்பர்ஸ்' முகர்ந்தால் இரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி மயங்கி விழலாம், உயிரே போகலாம். இதைச் சொல்ல எந்தக் கிளினிக் சுவரிலும் சுவரொட்டி இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இந்த நாட்டில் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது 1989-இல். அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டிருக்கிறோமா என்று ஒரு இரத்தச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம். 'ப்ரெப்' தொடங்கும் முன் அது எப்படியும் தேவை.

பெண்களுக்கு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு வரச் சொல்லும்போது நம் கிளினிக்குகளில் முதல் கேள்வி "கல்யாணம் ஆச்சா?" இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். பெண்ணோடு மட்டும் உறவு என்றால் இந்தப் புற்றுநோய் வராது என்ற எண்ணம் டாக்டர்களிடமே இருக்கிறது. அது தவறு. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தோல் உரசலிலும் கையிலும் பரவும். இருபாலீர்ப்புப் பெண்ணுக்கு ஆணோடும் உறவு இருந்திருக்கும்போது சோதனையைத் தட்டிக்கழிக்க ஒரு காரணமும் இல்லை. பள்ளியில் 13 வயதில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி 2010-இல் வந்தது. அதற்கு முன் பள்ளி முடித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

கால் விரித்துப் படுக்கும் அந்த மேசைக்கே போக மனமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி, மலாயா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ரோஸ்' திட்டம். பஞ்சுக் குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக்கொடுக்கலாம், முடிவு கைப்பேசிக்கு வரும். யாருக்கும் எந்தக் கதையும் சொல்ல வேண்டாம். முப்பது வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

அடி, மிரட்டல் விஷயம் வேறு. "ஆபீஸ்ல சொல்லிடுவேன், உங்க அப்பாகிட்ட போட்டோ அனுப்பிடுவேன்" என்று ஒருவர் மிரட்டி உங்களைப் பிடித்துவைத்திருந்தால் அதுவும் வன்முறைதான். அடிபட்டிருந்தால் பெரிய அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் 'ஒன் ஸ்டாப்' மையத்தைக் கேளுங்கள். டாக்டர், போலீஸ், ஆலோசகர் மூவரும் நீங்கள் இருக்கும் இடத்துக்கே வருவார்கள். கணவன் என்றால் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்குத் துணை. கல்யாணமாகாத காதலன், காதலிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, சாதாரணக் குற்றவியல் சட்டத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும். பினாங்கில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்ற மையம், டபிள்யூ.சி.சி., ஆலோசனை தரும்.

மனசுக்கு டாக்டர்

மேலே, ஈர்ப்பின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன். மனநலத்தில் அந்த விதி தலைகீழ். அங்கே யாரோடு எத்தனை முறை என்பதற்கு வேலையே இல்லை. எதை ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் தூக்க மாத்திரை மட்டும் வாங்கி வந்தால் மூன்று மாதத்தில் திரும்பப் போவீர்கள்.

அதனால் ஆலோசகரை முதலில் நீங்கள் பரிசோதியுங்கள். முதல் சந்திப்பில் பொதுவாக ஒரு கேள்வி: "ஆண், பெண் இரண்டு பேர் மீதும் ஈர்ப்பு உள்ளவங்களோட நீங்க வேலை செஞ்சிருக்கீங்களா? அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" பதிலில் 'மாத்திடலாம்', 'கல்யாணம் ஆனா சரியாயிடும்', 'குழப்பம்' என்ற சொற்களில் ஒன்று வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தால் போதும். ஈர்ப்பை மாற்றும் சிகிச்சை எதுவும் வேலை செய்வதில்லை, கெடுதல் செய்கிறது என்பதில் உலக மருத்துவ அமைப்புகளிடையே கருத்து வேறுபாடில்லை. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் நீக்கியது 1990-இல்.

இங்கே முடியாவிட்டால் ஊருக்குக் கூட்டிப்போய் மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அப்படி மாற்ற முயல்வதைத் தடைசெய்ய உத்தரவிட்டார். அந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார் என்பது அவரே தீர்ப்பில் பதிவுசெய்த விஷயம். அடுத்த ஆண்டு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆக, டிக்கெட் செலவு வீண்.

ராத்திரி மூன்று மணிக்கு யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் பெஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் 2022 முதல் உண்டு, அது நாள் முழுக்க இருக்காது. தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். எப்போதும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பழைய பயம் இனி வேண்டாம். தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத் தயங்காதீர்கள்.

சட்டம்

தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இருக்கின்றன, இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் எழுதப்பட்டிருக்கிறது. முஸ்லிம்களுக்குக் கூடுதலாகப் பினாங்கின் 1996-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டம். இந்தியா 2018-லும் சிங்கப்பூர் 2022-லும் விட்டதை நாம் விடவில்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் செயலைப் பற்றியவை. ஈர்ப்பு இருப்பதே குற்றம் என்று 377 பிரிவுகளில் இல்லை, நோயாளியைப் பற்றி டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்ற கடமையும் அவற்றில் எழுதப்படவில்லை. குறிப்பேட்டில் எழுதுவதைப் பற்றிப் பயமிருந்தால் "இதை எப்படி எழுதப்போறீங்க டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டுத் தொழிலாளர் நிலைமை கடினமானது. அவர்களுக்கான கட்டாய மருத்துவச் சோதனையான ஃபோமெமாவில் எச்.ஐ.வி. தெரிந்தால் பெர்மிட் போய்விடும். அவர்கள் அந்தச் சோதனைக்கு முன்பே ஒரு தொண்டு அமைப்பிடம் பேசுவது நல்லது.

மனைவி கர்ப்பமாக இருந்தால்

மேலே சொன்ன முப்பத்தைந்து வயதுக்காரரிடம் திரும்பி வருகிறேன். மூன்றாவது பிள்ளை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று வையுங்கள். தாய்சேய் கிளினிக்கில் முதல் பதிவின்போது மனைவிக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் சோதிப்பார்கள். அது வழக்கமான நடைமுறை. தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்ததற்கு இதுதான் காரணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணவன் மறைத்துவைத்ததை மனைவி ஒரு நர்ஸின் வாயால், வயிற்றில் பிள்ளையோடு, தனியாக உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் இடமும் அதுவே.

அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் உங்கள் சோதனையை முடித்துவிடுங்கள். தொற்று இல்லை என்று வந்தால் மனைவியிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் இருவருக்குமிடையே உள்ள விஷயம், அதில் இந்த நூல் தலையிடாது. தொற்று இருக்கிறது என்று வந்தால் அது அவருடைய உடம்பும் பிள்ளையின் உடம்பும் சம்பந்தப்பட்டது, மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. டாக்டரையோ ஆலோசகரையோ உடன் வைத்துக்கொண்டு சொல்லலாம், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். அரசு மருத்துவமனையில் முதல் நிலைச் சிகிச்சை இலவசம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. மனைவிக்கும் தொற்று இருந்து, அவர் பேறுகாலம் முழுக்க மருந்து எடுத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. சிபிலிஸ் என்றால் பென்சிலின் ஊசியில் தீரும், ஆனால் இருவரும் போட்டுக்கொள்ள வேண்டும், ஒருவர் மட்டும் போட்டால் மறுபடி வரும். பேச ஆரம்பிக்கச் சொல் கிடைக்காதவர்களுக்கு: "நான் ஒரு டெஸ்ட் எடுத்தேன். அதுல ஒண்ணு வந்திருக்கு. உனக்கும் பிள்ளைக்கும் மருந்து இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்." மற்ற கேள்விகள் அதன்பிறகு வரும். மறுநாள் காலை லீவு போட்டு வையுங்கள்.